பல் முளைக்கும் நாட்கள்

ஜூன் 24, செவ்வாய்

மேல் வரிசையில் இடது முன்பல் போய்விட்டது. வேரோடு.

படியில் விழுந்துவிட்டதாகச் சிஸ்டரிடம் சொன்னேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். இரண்டு முறை சொன்னதில் அந்தப் படி கண்ணுக்குத் தெரியவே ஆரம்பித்துவிட்டது. சிமெண்ட் பெயர்ந்த மூன்றாவது படி.

இந்த நோட்டில் படி வேண்டாம். மோனிஷாவின் உச்சந்தலை. என் வாய். மூன்றாம் வகுப்பு, இரண்டாவது பீரியட்.

எங்களுடையது காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளி. தலைமை ஆசிரியை சிஸ்டர் ரெமிஜியா. ஆசிரியர் மேல் கை வைத்த பிள்ளை பெட்டியோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது அவர் வைத்த விதி. போன வருடம் ஒருத்தி அப்படிப் போனாள். இப்போது பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி எடுக்கிறாள் என்று கேள்வி. மோனிஷாவுக்கு ஒன்பது வயது. துறையூர் தாண்டி ஒரு சின்ன ஊர். அங்கே அவளோடு பேசத் தெரிந்தவர் அவள் அம்மா ஒருத்திதான்.

ஆகவே படி.

விழுந்த பல்லைத் தேடினேன். மேஜைக்கு அடியில், பாய்க்குக் கீழே, தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில். இல்லை.

ஜூன் 25, புதன்

உறையூரில் டாக்டர் ஹசீனாவின் கிளினிக். குள்ளமான பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். விரல்கள் மட்டும் வேறு யாருடையவோ போல நீளமாக இருந்தன.

"பல்லு எங்க?"

"கிடைக்கல டாக்டர்."

"ஒரு டம்ளர் பால்ல போட்டு, ஒரு மணி நேரத்துல கொண்டு வந்திருந்தா அதையே திருப்பி வச்சுப் பாத்திருப்பேன். உங்க ஸ்கூல்ல ஒருத்தருக்கும் தெரியாதா?"

"பாலா?"

"பால்தான். டீக்கு ஊத்துற பால்."

வாயைப் பார்த்து முடித்ததும் என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். முதலில் உள்ளங்கை. பிறகு முழங்கை.

"படின்னீங்க. விழுறவங்க முதல்ல கையத்தான் ஊனுவாங்க. உங்க கையில ஒரு கீறல் இல்ல. இது கீழேருந்து மேல வந்த அடி. வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"அம்மாவும் நானும்."

"அம்மா அடிப்பாங்களா?"

"தபால் ஆபீஸ்ல வேலை பாக்குறாங்க."

"நான் கேட்டது அது இல்லையே."

 மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஓர் எண் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து பார்த்தேன். பெண்கள் உதவி எண். உதடு வீங்கியிருந்ததால் சிரிக்க முடியவில்லை.

திட்டம் இது. ஈறு ஆற ஆறு வாரம். பிறகு பிரிட்ஜ். காலியிடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களைச் சுற்றித் தேய்த்து, மூன்று பற்களை ஒன்றாக வார்த்து, அந்த இரண்டின் மேல் தொப்பி போல மாட்டுவது. நடுவில் உள்ள பல்லுக்கு வேர் கிடையாது. பக்கத்துப் பற்கள் அதைச் சுமக்கும்.

"விழுந்த பல்லுக்காக இருக்குற பல்லைத் தேய்க்கணுமா?"

"வலது முன்பல்லு முனை உடைஞ்சிருக்கு. அத எப்படியும் மூடியாகணும். அந்தப் பக்கம் இருக்குறது நல்ல பல்லு. அத தேய்க்க எனக்கும் மனசு வராது. தாடையில திருகு வைக்கிற இம்ப்ளான்ட்டுன்னா எலும்பு விரிசல் ஆறணும், ஆறேழு மாசம் ஆகும். பேசுற வேலைங்களா உங்களுக்கு?"

"வாயைக் காட்டுற வேலை."

ஜூன் 26, வியாழன்

இட்லி. சாம்பாரில் ஊறிய இட்லி. மறுபடி இட்லி.

ஜூன் 30, திங்கள்

மாஸ்க் போட்டுக்கொண்டு போகலாமே என்றாள் அம்மா. வேறு எந்த வேலையிலும் போகலாம். என் பிள்ளைகள் என் உதட்டைப் பார்த்துத்தான் பாடம் படிக்கிறார்கள். மாஸ்க் போட்டால் கரும்பலகைக்குத் திரை போட்ட மாதிரி.

திறந்த வாயோடு போனேன்.

பதினோரு பிள்ளைகள். இரண்டு நிமிடம் ஆடாமல் பார்த்தார்கள். பிறகு ஷிபானா எழுந்து வந்து தன் வாயைத் திறந்து காட்டினாள். அவளுக்கும் அதே இடம் காலி, பால் பல். அடுத்தவன் வந்தான், கீழ் வரிசை. வரிசை கட்டி நின்று ஐந்து பேர் தங்கள் ஓட்டைகளைக் காட்டிவிட்டுப் போனார்கள். யாரும் இரக்கப்படவில்லை. என்னைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டார்கள்.

'த' எழுத்து நடத்த முடியவில்லை. நாக்கு பல்லைத் தொடும் இடத்தைக் கண்ணாடியில் காட்டி நடத்துவது அது. என் நாக்கு ஓட்டை வழியாக வெளியே வந்தது. பதினோரு நாக்குகள் வெளியே வந்தன.

இல்லை, பத்து. மோனிஷா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இந்த வகுப்பில் முகத்தைப் பார்க்காமல் இருப்பது காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம்.

பேச்சு வழிக் கல்வி எங்களுடையது. வகுப்பில் சைகை கூடாது. மற்ற பள்ளிகளில் பிள்ளைகளை அடக்க, கை கட்டு, வாய் பொத்து என்பார்கள். எங்களுக்குக் கை கட்டு என்பதே போதும்.

ஜூலை 4, வெள்ளி

பிரிட்ஜ் வரும்வரை போட்டுக்கொள்ள, கழற்றி மாட்டும் பல் வந்துவிட்டது. அண்ணத்தில் ஒட்டும் சிவப்புத் தகடு, அதில் ஒற்றைப் பல். வாய்க்குள் வேறு யாரோ குடிவந்த மாதிரி. 'ச' வழுக்குகிறது. 'ர' உருள மறுக்கிறது.

வகுப்பில் இன்று ஓர் ஆச்சரியம். மோனிஷா தலை நிமிர்ந்தாள். என் வாயைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள், முகம் முழுவதும். ஷிபானாவை இடித்து என் பக்கம் காட்டினாள்.

என் குழறலைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைக்கிறேன். சிரிக்கட்டும்.

ஜூலை 10, வியாழன்

மோனிஷாவுக்கு ஒரு புதுப் பழக்கம். காலையில் வகுப்புக்கு வந்ததும் நேராக என் எதிரில் நிற்கிறாள். வாயை ஒரு பார்வை. பிறகு தன் இடத்துக்குப் போய் உட்கார்கிறாள். உதட்டைப் படிக்கப் பழகுகிறாள் போலும். முன்னேற்றம் என்று பதிவேட்டில் எழுதினேன்.

ஜூலை 15, செவ்வாய்

'ப' நடத்தும்போது உதட்டருகே காகிதத் துண்டைப் பிடிப்போம். உதடு வெடித்தால் காகிதம் ஆட வேண்டும். இன்று காகிதம் ஆடியது. தகடும் பல்லோடு பறந்து வந்து ஷிபானாவின் சிலேட்டில் விழுந்தது.

பத்துப் பேர் தரையில் உருண்டு சிரித்தார்கள். சத்தம் வராமல் சிரிக்கப் பழகியவர்கள்கூடச் சத்தமாகச் சிரித்தார்கள். நானும்.

மோனிஷா அழுதாள். மதியம் சாப்பிடவில்லை என்று வார்டன் சொன்னார். நான் பக்கத்தில் போனபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எனக்குப் புரியவில்லை.

ஜூலை 18, வெள்ளி

தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். பேச வரவில்லை. அதனால் வகுப்பில் கையை உபயோகிக்கிறேன். கொஞ்சமாக. கதவைச் சாத்திவிட்டு.

கையைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. சோறு, தண்ணீர், வீடு, போதும். நாலு வார்த்தை. முதுகலையில் மொழியைப் பற்றி இருநூறு பக்கம் எழுதியவள் நான்.

ஷிபானா சொல்லிக்கொடுக்கிறாள். பொறுமையே கிடையாது. தப்பாகச் செய்தால் என் விரலைப் பிடித்து மடக்கிவிட்டுக் கண்ணை உருட்டுகிறாள். ஒரே விரல் அசைவில் நேற்று, இன்று, நாளை. புருவத்தைத் தூக்கினால் கேள்வி. கேள்விக்குறி முகத்திலேயே இருக்கிறது. நான் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வருடமும் இவர்கள் விடுதியில் இதைத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவ்வளவு வேகமாக, இவ்வளவு சுத்தமாக.

ஜூலை 22, செவ்வாய்

இங்கே எல்லோருக்கும் கையில் ஒரு பெயர் உண்டு. மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினால் சிஸ்டர். இடுப்பில் சாவிக் கொத்தைத் தட்டினால் வார்டன். என் பெயர் என்ன என்று ஷிபானாவைக் கேட்டேன்.

தயங்கினாள். மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு தன் இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்துக் காட்டினாள்.

இன்று வேறு ஏதாவது எழுதலாம். காவிரியில் தண்ணீர் நிறையப் போகிறதாம். ஆடிப்பெருக்குக்குப் போக வேண்டும் என்கிறாள் அம்மா.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

படித்துறையில் கூட்டம். அம்மா காப்பரிசியை என் வாயருகே கொண்டுவந்தாள். ஊறாத அரிசி. கடைவாயில் ஒதுக்கி மெதுவாக மென்றேன்.

"போட்டோ எடுக்குறாங்க. வாயை மூடிக்கிட்டுச் சிரிடி, வேனில்."

"மூடிக்கிட்டு எப்படிம்மா சிரிக்கிறது?"

"நான் உங்க அப்பாவக் கட்டிக்கிட்ட அன்னிக்குச் சிரிச்சேன் பாரு. அப்படி."

ஆகஸ்ட் 6, புதன்

பல் தேய்த்தார்கள். இரண்டு மணி நேரம்.

கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். மூடவில்லை. அவருடைய கண்ணாடியில் என் வாய் சின்னதாகத் தெரிந்தது. எந்திரத்தைப் பிடித்த கை ஆடவில்லை. நாலாவது விரல் என் கன்னத்தில் ஊன்றியிருந்தது. நான் விழுங்கும்போது கையும் கூடவே எழுந்து இறங்கியது. என் மூச்சைக் கணக்கு வைத்துக்கொண்டு வேலை செய்கிறார் என்று புரிய நேரமாயிற்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தினார்.

"வலிச்சா இடது கையத் தூக்குங்க. நான் உடனே நிறுத்திருவேன்."

தூக்கினேன், ஒருமுறை. வலிக்கவில்லை. சோதித்துப் பார்த்தேன். நிறுத்தினார். ஒரு நொடி தாமதமில்லை. சோதித்தேன் என்பது தெரிந்தது போல, ஒன்றும் சொல்லாமல் மறுபடி தொடங்கினார்.

கையைத் தூக்கினால் நிற்கும். அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

நல்ல பல் சின்ன முளை போல ஆகிவிட்டது. அச்சு எடுத்தார். பிறகு நிறம் பார்த்தார். நிறம் நிறமாகக் குட்டிப் பற்கள் கோத்த பட்டை ஒன்றை என் பல்லருகே பிடித்து, ஓர் எண்ணை எழுதிக்கொண்டார். வெளியே அடுத்த நோயாளியின் குழந்தை அழுதுகொண்டிருந்தது. நிஜ பிரிட்ஜ் வரும்வரைக்கும் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் பிரிட்ஜ் ஒட்டி அனுப்பினார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மோனிஷா இன்று பார்த்ததோடு விடவில்லை. விரலை நீட்டி என் முன்பல்லை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. இன்னொரு முறை ஆட்டினாள். நிம்மதியாகப் போய் உட்கார்ந்தாள். மதியம் இரண்டு முறை சோறு வாங்கினாளாம்.

குறும்பு.

ஆகஸ்ட் 14, வியாழன்

பிரிட்ஜைப் பொருத்திப் பார்க்கும் நாள். செய்தவரே வந்திருந்தார். பெலிக்ஸ். ஐம்பது வயது. நகத்தில் வெள்ளைப் பொடி. பாலக்கரையில் சின்ன லேப் வைத்திருக்கிறார். பல்லைச் சின்ன டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவந்தார். நகைக்கடைக்காரர்கூட அப்படித் திறப்பதில்லை.

பொருந்தியது. கன கச்சிதம். கண்ணாடியைக் கொடுத்தார்கள். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. டாக்டரும் பெலிக்ஸும் இன்னும் குனிந்து பார்த்தார்கள்.

"எப்ப நிறம் பாத்தீங்க டாக்டர்?" என்றார் பெலிக்ஸ்.

"தேய்ச்சு முடிச்சப்புறம்."

"ரெண்டு மணி நேரம் வாய் தொறந்தா?"

டாக்டர் விளக்கை அணைத்தார். ஜன்னல் திரையை விலக்கி, என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"வேனில், இது என் தப்பு. வாய் தொறந்தே இருந்தா பல்லு காஞ்சிரும். காஞ்ச பல்லு வெள்ளையாத் தெரியும். தேய்க்கறதுக்கு முன்னாடியே நிறம் பாத்திருக்கணும். இது முதல் வருசப் பாடம். அவசரத்துல விட்டுட்டேன். திருப்பிச் செய்யச் சொல்றேன்."

"பரவாயில்ல டாக்டர். யாரு இவ்வளவு கிட்டத்துல பாக்கப் போறா?"

"உங்க பிள்ளைங்க பாக்கும். வருசம் பூரா அதத்தான பாக்குது."

பெலிக்ஸ் முணுமுணுக்கவில்லை. எட்டு நாள் வேலை. டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை காலையில வாங்க மேடம். பேசாம வாங்க. வாயை மூடிக்கிட்டே வரணும். நான் நிறம் பாக்குறேன்."

டாக்டர் தன் தப்பைச் சொல்லியிருக்கவே வேண்டாம். எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆட்டோவில் வரும்போது அவர் சொன்ன விதத்தையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். குரல் இறங்கவில்லை. காரணம் அடுக்கவில்லை. அன்று வெளியே அழுத குழந்தையைச் சாக்குக்கு இழுக்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். மிட்டாய். கடிக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஜூன் 24 பக்கத்தை மறுபடி படித்தேன். 'மோனிஷாவின் உச்சந்தலை. என் வாய்.' எவ்வளவு சுத்தமான இரண்டு வாக்கியங்கள். நடுவில் இருந்ததை விட்டுவிட்டேன்.

நடுவில் என் கைகள் இருந்தன.

அன்று அவள் ஊரிலிருந்து திரும்பியிருந்தாள். ஷிபானாவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தலையில் இரண்டு விரல், கொம்பு. ஆடு என்பது மட்டும் அப்போது எனக்குப் புரிந்தது. இப்போது மீதியும் புரிகிறது. அவர்கள் வீட்டு ஆடு குட்டி போட்டிருக்கிறது. ஆடு படுத்தது, கத்தியது, குட்டியின் கால் வெளியே வந்தது. அந்த இடத்தில் நான் போய் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்தேன். வாயால் சொல், ஆடு, என்றேன். பயிற்சியில் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். கை ஓய்ந்தால் வாய் பேசும்.

அவள் இழுத்தாள். நான் விடவில்லை. மறுபடி இழுத்தாள். ஆடு, ஆடு என்று சொல்லிக்கொண்டே இன்னும் இறுக்கிப் பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விடுபடத் தலையை மேலே எறிந்தாள். அடிக்கவில்லை. அவளுக்கு அசைக்க மிச்சமிருந்தது தலை மட்டும்தான்.

அவளைக் காப்பாற்றத்தான் படியைக் கண்டுபிடித்தேன் என்று எட்டு வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை எட்டு மணி. வாயை மூடிக்கொண்டு பாலக்கரை லேபுக்குப் போனேன். ஆட்டோக்காரரிடம் இடத்தைக் கையால் சொன்னேன். புரிந்துகொண்டார்.

பெலிக்ஸ் ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். என் கீழ்ப் பற்களையும் கோரைப் பற்களையும் பார்த்துத் தாளில் படம் வரைந்தார். ஒரு பல்லுக்கு நாலு நிறம் எழுதினார். ஈறோரம் மஞ்சள், நடுவில் பால், நுனியில் கொஞ்சம் கண்ணாடி மாதிரி நீலம். கோரைப் பல்லில் ஒரு மயிரிழைக் கோடு இருந்ததாம். இருபத்தேழு வருடம் எனக்கே தெரியாத கோடு. அதையும் வரைந்தார்.

"டீ நிறையக் குடிப்பீங்களோ?"

நாலு விரல் காட்டினேன்.

"பல்லு சொல்லுது. அழகா ஒரு பல்லு செஞ்சு தர்றது லேசு மேடம். உங்க பல்லு மாதிரி செய்யறதுதான் கஷ்டம். முகத்துல சேந்துட்டா அப்புறம் யாரும் அதப் பாக்கக் கூடாது. எனக்கு அதான் சம்பளம்."

ஆகஸ்ட் 21, வியாழன்

தெரிந்துவிட்டது.

விடுதியில் பிள்ளைகள் நேற்று நாடகம் நடித்திருக்கிறார்கள். ஷிபானா நானாக நடித்தாள். மோனிஷா தலையை எறிய, ஷிபானா வாயைப் பொத்திக்கொண்டு சரிந்தாளாம். வார்டன் பார்த்துவிட்டார். ஷிபானா முதலில் மணிக்கட்டைப் பிடித்ததையும் பார்த்திருப்பார். அது யாருக்கும் குற்றமாகப் படவில்லை.

திங்கட்கிழமை மோனிஷாவின் அம்மாவை வரச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியைக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டார் சிஸ்டர்.

ஆகஸ்ட் 25, திங்கள்

சிஸ்டர் ரெமிஜியாவின் அறை. மோனிஷாவின் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். காலடியில் எனக்கென்று கொண்டுவந்த ஒரு பை சின்ன வெங்காயம். மோனிஷா பெட்டிப் பக்கத்தில் நின்றாள்.

"படின்னு சொன்னியேம்மா," என்றார் சிஸ்டர்.

"பொய் சிஸ்டர்."

"தெரியுது. எதுக்கு?"

"அவள அனுப்பிருவீங்கன்னு."

"அனுப்பத்தான் போறேன். ஒருத்திக்கு ஒரு நியாயம், இன்னொருத்திக்கு ஒரு நியாயம் வைக்க முடியாது."

"தப்பு என்னுது சிஸ்டர். அவ பேசிக்கிட்டு இருந்தா. நான் அவ ரெண்டு கையையும் பிடிச்சேன். ரெண்டு தடவ இழுத்தா. விடல. மூணாவது தடவ தலையால இழுத்துக்கிட்டா. அது என் வாயில பட்டுச்சு."

"கையப் பிடிக்கறது தப்பா? அப்படித்தான் உனக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். வெளிய போய்ப் பாரு. கடையில வாயத் தொறந்து சாமான் கேக்குற என் பிள்ளைங்க எத்தன பேருன்னு பாரு. எல்லாம் நான் கையப் பிடிச்ச பிள்ளைங்க."

அது உண்மை. சிஸ்டர் பேச வைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஒரு பெண்ணோடு மூன்று வருடம் உட்கார்ந்து 'அம்மா' என்ற ஒரு சொல்லை வரவைத்தவர். அவர் மேசையில் அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை இருக்கிறது.   வாயில் வந்ததைச் சொன்னேன்.

"என் வாயில பல்லு தேய்க்கறப்ப, வலிச்சா கையத் தூக்குன்னாங்க சிஸ்டர். தூக்கினா நிறுத்திருவாங்க. இவளால தூக்க முடியல. நான் பிடிச்சிருந்தேன்."



அதற்குள் மோனிஷாவின் அம்மா மகளைப் பார்த்துக் கையசைத்துக் கேட்டிருக்கிறார், மிஸ் பல்லை ஏன் உடைத்தாய் என்று. மோனிஷா பதில் சொன்னாள். அவர்கள் வீட்டுச் சைகை. என்னால் பாதிகூடப் பிடிக்க முடியவில்லை. நீளமாகச் சொன்னாள். மேலே காட்டினாள். என் வாயைக் காட்டினாள். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா சொல்றா?" என்றார் சிஸ்டர்.

"அந்தப் பல்லக் கூரையில போட்டுருச்சாம் சிஸ்டர். சாணி கிடைக்கலியாம். கிளாஸ் ரூமுல வச்சிருக்குற களிமண்ணுல உருட்டி, சமையக்கட்டு ஓட்டு மேல எறிஞ்சிருச்சாம். எங்க ஊர்ல புள்ளைங்க பல்லு விழுந்தா அப்படித்தான் போடுவோம், திரும்ப முளைக்கும்னு. தெனமும் காலையில மிஸ்சு வாயப் பாக்குமாம், முளைச்சிருக்கான்னு. முளைச்சுதாம். அப்புறம் சிலேட்டுல விழுந்துருச்சாம். இப்பத் திரும்ப முளைச்சிருச்சுங்குது. அப்புறம் எதுக்கு என்னய வூட்டுக்கு அனுப்புறாங்கன்னு கேக்குது."

நான் மோனிஷாவைப் பார்த்தேன். ஒரு டம்ளர் பாலில் போட வேண்டியதை ஓட்டின் மேல் போட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. யாரும் சொல்லாமல், அன்றைக்கே, எனக்காகச் செய்திருக்கிறாள். பதிவேட்டில் நான் 'முன்னேற்றம்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சிஸ்டர் எழுந்து வெளியே போனார். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சமையல்கட்டு முற்றத்தில் நின்று, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார். வெயில் முகத்தில் அடித்தது. வெகுநேரம் நின்றார். சமையல்கார அம்மாவும் கரண்டியோடு வந்து கூட நின்று அண்ணாந்து பார்த்தார், என்னவென்று தெரியாமல்.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"பெட்டிய உள்ள கொண்டு போகச் சொல்லு."

வாசலில் நின்று என்னிடம் சொன்னார். "உனக்கு மெமோ உண்டு. பொய்க்கு."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டேன். வகுப்பில் சைகை கூடாது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. கதவைச் சாத்தாமல் பாடம் நடத்தினேன். வராந்தாவில் சிஸ்டர் போனார். உள்ளே பார்த்தார். போய்விட்டார்.

வெங்காயம் உரித்தோம், அம்மாவும் நானும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஒட்டியாயிற்று.

ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்தேன். எது போனது, எது வந்தது என்று ஒரு கணம் எனக்கே தெரியவில்லை. நடுப் பல்லில் ஈறோரம் மஞ்சள். நுனியில் அந்தக் கண்ணாடி நீலம். வலது பல்லில் ஒரு மயிரிழைக் கோடு. பெலிக்ஸ் என் நாலு டீயையும் போட்டுவிட்டார். அவர் வரவில்லை. டாக்டர் போனில் கூப்பிட்டுச் சொன்னார், "ஒண்ணும் தெரியல பெலிக்ஸ்." அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"கொய்யாக்காயை முன்பல்லால கடிக்காதீங்க. வெட்டிச் சாப்பிடுங்க. பிரிட்ஜுக்கு அடியில தினமும் நூல் விட்டுச் சுத்தம் பண்ணணும். பக்கத்துப் பல்லு ரெண்டும் நல்லா இருந்தாத்தான் நடுவுல இருக்குறது நிக்கும்."

எழுந்தபோது கேட்டார், "அந்த நம்பர் தேவைப்பட்டுச்சா?"

"இல்ல டாக்டர். என்னை அடிச்சது யாருமில்ல. நான்தான் ஒருத்திய இழுத்துப் பிடிச்சேன்."

கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். "அப்ப கையில கீறல் இல்லாதது சரிதான்," என்றார்.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் மோனிஷா வழக்கம் போல எதிரில் வந்து நின்றாள். நான் அவளை ஜன்னலோரம் கூட்டிப்போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன்.

முளைக்கவில்லை, என்றேன் கையால். செய்தது. ஒருவர் செய்தார். எது என்று கண்டுபிடி.

என் நாடியைப் பிடித்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பெலிக்ஸ் பார்த்த மாதிரியே கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கோரைப் பல்லைத் தொட்டாள். அது என்னுடையது. தலையாட்டினேன், இல்லை. கீழ்ப் பல். இல்லை. மூன்றாவது முறையும் தப்பு. அவளுக்குக் கோபம் வந்தது. நான் என் விரலை நடுப் பல்லில் வைத்தேன்.

கை இறங்கிவிட்டது அவளுக்கு. ஜன்னல் வழியே சமையல்கட்டு ஓட்டுக் கூரையைப் பார்த்தாள். பிறகு புருவத்தைத் தூக்கினாள்.

வலித்ததா?

ஆமாம்.

இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள், மணிக்கட்டு மேலே தெரியும்படி.

எனக்கும்.

ஆமாம் என்றேன். அதற்கான சைகை இப்போது எனக்குத் தெரியும். மன்னிப்புக்கு உள்ளதைத் தப்பாகச் செய்தேன். அவள் என் விரலைப் பிடித்து மடக்கிச் சரி செய்தாள். மறுபடி செய்தேன்.

பிறகு என் கைகளை எடுத்து என் மடியிலேயே வைத்தாள். நான் குறுக்கே வரக்கூடாது. தலையில் இரண்டு விரல் வைத்தாள், கொம்பு. ஆடு படுத்தது. கத்தியது. கால் வெளியே வந்தது. அன்று நின்ற அந்த இடத்தில் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் அசையவில்லை.

குட்டி இரண்டு. ஒன்று வெள்ளை.